மஞ்சளின் மேல் வெள்ளைக் கோடு

அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு, எங்கள் பட்டறையின் இரண்டாம் லிஃப்டில் கருநீல நிறக் கன்வெர்ட்டிபிள் கார் ஒன்று ஏற்றப்பட்டது. ஏற்றியவன் நான். அதற்குப் புதுச் சைலன்சர் செட் பொருத்த வேண்டியிருந்தது. வேலை அட்டையில் வண்டிக்காரர் பெயர் எழுதும் இடத்தில் 'முதலாளி' என்று மட்டும் இருந்தது.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். டீ வேண்டாம் மேடம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலாளி என் மனைவியின் அண்ணன். மச்சான் என்று கூப்பிட்டே பழக்கம். நீங்கள் மைத்துனர் என்று போட்டுக்கொள்ளுங்கள். அவர் நல்லவர். இதை முதலிலேயே பதிவு செய்துவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவர் எனக்கு ஏதோ கொடுமை செய்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பதினொரு வருஷத்தில் என்னை அவர் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எனக்குச் சட்டைகூட அவரே எடுத்து வருவார். அவருடைய அளவில் எடுப்பார், எனக்கு ஒரு சைஸ் பெரிதாக இருக்கும். 'நல்லா காத்தோட்டமா இருக்கும் மாப்ள' என்பார். நான் போட்டுக்கொள்வேன். இப்போது போட்டிருப்பதும் அவர் எடுத்ததுதான்.

பட்டறைக்கு மேலேதான் வீடு. எங்கள் படுக்கையறை இரண்டாம் லிஃப்டுக்கு நேர் மேலே இருக்கிறது. தெருவுக்குப் போக மாடியிலிருந்து ஒரே ஒரு படிக்கட்டு. அது பட்டறைக்குள் இறங்கி, அவருடைய மேசையை ஒட்டித்தான் வெளியே போகும். ஷட்டர் சாவி அவர் இடுப்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போனால்கூட 'எங்க மாப்ள, நானும் வரேன் இரு' என்று செருப்பை மாட்டுவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கையையும் என்னையும் விட்டால் அவருக்கு வேறு ஆள் கிடையாது. அதை அவரே அடிக்கடி சொல்வார்.

மேசைக்குப் பின்னால் சுவரில் என் வெல்டிங் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. சான்றிதழ் பெற்ற வெல்டர் ஒருவர் இருந்தால்தான் எங்களைப் போன்ற பட்டறைக்கு உரிமம் கிடைக்கும். கல்யாணமான மறுவாரம் அதை என்னிடமிருந்து வாங்கி அவரே ஆணி அடித்து மாட்டினார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பின் அதைக் கழற்றச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். முதல் முறை ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டது என்றார். இரண்டாம் முறை சிரித்தார்.

ஆகஸ்டில் துறைமுகத்துப் பஸ் டிப்போ ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. வேலை, குடியிருக்க இரண்டு அறை, தனி வாசல். நவம்பர் ஒன்றாம் தேதி அசல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். 'தனி வாசல்' என்பதை அவர்கள் எழுதவில்லை. நான் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கடைசித் துணிவரை மடித்துவிட்டுச் சொன்னாள்: "போலாங்க. நல்லதுதானே. அண்ணன்கிட்ட மட்டும் நான் பேசிக்கிறேன், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க."

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் மச்சான் தட்டைப் பார்த்தபடியே பேச்சை எடுத்தார்.

"அந்த டிப்போக்காரனுக்குப் போன் பண்ணிட்டேன் மாப்ள. உனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலு, சரிப்படாதுன்னு சொல்லிட்டேன். அவனும் சரின்னுட்டான்."

"என் கண்ணுக்கு என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல. பின்ன வேற என்னத்தச் சொல்றது? நீ நல்ல வேலைக்காரன்னு சொன்னா விடுவானா அவன்?"

என் மனைவி சிரித்தாள். அவருக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேசையில் மூன்று பேரும் சிரித்ததாகத்தான் நினைவு.

எனக்கு அவள் மேல் கோபம் இல்லை. இதை இரண்டு முறை எழுதிக்கொண்டாலும் சரி.

செப்டம்பரில் மச்சான் இந்தக் காரை வாங்கினார். பழைய வண்டிதான், ஆனால் கூரை புதிது. பட்டன் ஒன்றை அழுத்தினால் கூரை மடிந்து பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுபடி அழுத்தினால் எழுந்து வந்து மூடிக்கொள்ளும். மூடப் பதினெட்டு விநாடி. வாங்கிய முதல் வாரம் பட்டறைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அதைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் என்னைத்தான் எண்ணச் சொல்வார். 'எண்ணு மாப்ள, சத்தமா எண்ணு.' நான் எண்ணுவேன். பதினெட்டில் கொக்கி விழும் சத்தம் கேட்கும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

சனிக்கிழமைதோறும் தங்கையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி உண்டு. காற்று ஆகாது. காதை மறைத்துத் துணி கட்டிக்கொண்டு, தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் உட்காருவாள். அவர் சிகரெட் பிடிப்பவர். மழையானாலும் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கி வைத்திருப்பார். சும்மா ஒரு தகவலுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வண்டியில் ஒரே குறை, சத்தம் போதவில்லை என்றார். கம்பெனி கொடுத்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச்சந்தையில் விற்கும் செட் ஒன்றை வரவழைத்தார். இரண்டு குழாய், இரண்டு பக்கமும் இணைப்பு, பின்னால் இரண்டு வாய். புகையைச் சுத்தப்படுத்தும் பாகத்தையும் எடுத்துவிடச் சொன்னார். "தொறந்த வண்டியில போறவனுக்குச் சத்தந்தான் மாப்ள சாப்பாடே. மெதுவா உறுமுனா எவன் திரும்பிப் பாப்பான்?"

அந்த வேலைதான் செவ்வாய்க்கிழமை நான் செய்தது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நட்டு முறுக்கியவன், முறுக்கி முடித்ததும் அதன் மேல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். வேறொருவன் வந்து கருவி வைத்துச் சரிபார்த்து, மஞ்சளின் குறுக்கே வெள்ளைக் கோடு போட வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பல வருஷம் முன்பு வேன் ஒன்றின் சக்கரம் பட்டறை வாசலிலேயே கழன்று ஓடி, எதிர்க்கடைப் படியில் போய் நின்றதாம். அன்றைக்கு மச்சான் கொண்டுவந்த ஏற்பாடு இது. வெள்ளைப் பேனா அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். பதினொரு வருஷத்தில் நான் அதைத் தொட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு அவர் லிஃப்ட் பக்கம் வந்தார். போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே பையிலிருந்து வெள்ளைப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். பிறகு போனைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "வெள்ளையும் நீயே வச்சிடு மாப்ள. நீ செஞ்ச வேலைய நான் என்ன பாக்குறது?"

நசுங்கிய தகட்டில் ஒடுக்கு எடுக்கும் ஆள் பக்கத்து வண்டியில் இருந்தான். வாய் ஓயாது என்பதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான்: "பாருங்கப்பா, மாப்ளைக்கு வெள்ளைப் பேனா வந்திருச்சு. பதவி உயர்வு. இனிமே நம்மளை எல்லாம் கண்ணுல தெரியுமா?"

"அவனுக்குத்தான் கண்ணு மங்கலாச்சே" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

என் வேலையை அவர் மெச்சிய ஒரே நாள் அது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். சந்தோஷமாக இருந்த அதே நேரத்தில்தான் இரண்டு இணைப்புகளில் ஒன்றுக்குள் புகை கசியாமலிருக்க வைக்க வேண்டிய கேஸ்கெட்டை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டேன். மஞ்சள் கோடு போட்டேன். காயும்வரை காத்திருந்தேன். அதன் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டேன். அதற்கு நேர் மேலே, வண்டியின் தரைத்தகட்டில் துளை ஒன்றை அடைக்கும் ரப்பர் மூடி இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி வைக்கவில்லை.

சாதாரண வண்டியில் புகை கசிந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வண்டியில் சத்தத்தைத்தான் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். உறுமலுக்குள் கசிவு கேட்காது. அன்று மாலை ஓட்டிப் பார்க்கும்போது கூரை திறந்திருந்தது. என்ன வாடை வந்தாலும் காற்று கொண்டுபோய்விடும். "கலக்கிட்ட மாப்ள" என்று முதுகில் தட்டினார்.

நான் இங்கே கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், அந்தச் சொல்லை நான் மனதுக்குள்கூட உச்சரிக்கவில்லை. நான் நினைத்தது இதுதான்: கூரை திறந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கூரையை மூடுவதும் மூடாததும் அவர் விருப்பம். பதினொரு வருஷமாக எங்கள் மூன்று பேர் வாழ்க்கையில் எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்தார். இதையும் அவரே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். நியாயமான ஏற்பாடாகவே பட்டது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி, காலை ஏழரை. அவர்களுடைய சித்திக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி, மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். மச்சான் பார்க்கப் புறப்பட்டார். வானம் மூடியிருந்தது. நான் ஷட்டருக்குப் பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோவும் வந்துவிட்டிருந்தான்.

என் மனைவி பிளாஸ்கோடு படியிறங்கி வந்தாள். காதில் துணி கட்டியிருந்தாள்.

"நானும் போயிட்டு வந்துடுறேங்க. சித்தி என்னைத்தான் கேட்டுட்டே இருக்காங்களாம். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க. மறந்துட்டு ரேடியோகூட பன்னு தின்னுட்டு இருக்காதீங்க."

"பன்னுக்கு என்னக்கா குறைச்சல்?" என்றான் ரேடியோ.

"நீயும் வாயேன் மாப்ள" என்றார் மச்சான். "பின்னாடி ஏறிக்கோ. காலை மடக்கி உக்காந்துக்க."

"வேலை இருக்கு மச்சான்" என்றேன்.

"இவனை வேலை வாங்குறதே நான்தான். எனக்குத் தெரியாத வேலையா?" என்று சிரித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஷட்டர் தகடு அதிர்ந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் நாலு துளி விழுந்தது. "கூரையை மூடிடுண்ணா, காத்து வேற அடிக்குது" என்றாள் அவள். அவர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எண்ணு மாப்ள."

நான் எண்ணினேன்.

சத்தமாகத்தான் எண்ணினேன், வழக்கம்போல. மூன்றில் பின்பக்கத்து மூடி திறந்தது. ஏழில் கூரை எழுந்து நின்றது. பதினொன்றில் அவள் முகத்தில் நிழல் விழுந்தது. பதினான்கில் அவள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். விடைபெறுகிறாளா, எண்ணுவதைக் கேலி செய்கிறாளா என்று தெரியவில்லை. பதினாறு. பதினேழு. பதினெட்டில் கொக்கி விழுந்தது. ரேடியோ கை தட்டினான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதைப் பற்றி நானும் நிறைய யோசித்தேன். எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் வேறு வார்த்தை வராது மேடம். நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. வழியெல்லாம் மழை. கூரையைத் திறக்கவே இல்லை. ஒரு மணி நேரத்தில் மச்சானுக்குத் தலைவலி வந்திருக்கிறது. தூக்கம் போதவில்லை என்று நினைத்து, தன் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கி, இன்னொரு சிகரெட் பற்றவைத்திருக்கிறார். பக்கத்தில் அவள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று பாட்டை நிறுத்தியிருக்கிறார். தன் கோட்டைக் கழற்றி அவள் மேல் போர்த்தியிருக்கிறார். அப்படியே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, 'எந்திரிம்மா, சித்தப்பா வாசல்ல நிக்கிறாரு பாரு' என்று தோளைத் தொட்டிருக்கிறார்.

அவரை இரண்டு நாள் படுக்கவைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

உங்கள் ஆட்கள் வண்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டபோது, வெள்ளைக் கோடு போட்டது தான்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் சொன்னது பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவர் இடது கைக்காரர். அவர் போடும் வெள்ளைக் கோடு மேலே இடப்பக்கமாகச் சாயும். என்னுடையது வலப்பக்கம் சாயும். பட்டறையில் நிற்கும் எந்த வண்டியின் அடியிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரேடியோவையும் கேளுங்கள், பேனா என் கைக்கு வந்ததை அவன் ஊருக்கே அறிவித்தான். கேஸ்கெட் இதோ. புதிது, பிரித்த உறை மட்டும் இல்லை.

அவர் ஏன் பொய் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்.

"கை தவறிடுச்சு, விடு. எவனுக்கும் தவறும். நீ ஒண்ணும் பயப்படாத மாப்ள. வெள்ளை நான் வச்சதுன்னு சொல்லிட்டேன். உன் சர்டிபிகேட்டுக்கு ஒரு கீறல் வராது. நீ மட்டும் எங்கயும் போயிடாத. இனிமே நமக்கு நாமதான்."

அன்று சாயங்காலமே தன் கட்டிலைத் தூக்கி வந்து எங்கள் அறையில் போட்டார். தனியாகப் படுத்தால் நான் எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேனாம். ஒன்பது நாளாக அங்கேதான் படுக்கிறார். காலையில் நான் கண் விழித்தால் அவர் எனக்கு முன்பே விழித்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பார். நேற்று, 'அந்த டிப்போக்காரன் மறுபடி கூப்பிட்டான் மாப்ள, எங்க வீட்டுல துக்கம், வேற ஆளைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டேன்' என்றார்.

அதனால்தான் வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். என் மனைவிக்கு நான் செய்ய வேண்டிய கடமை என்று ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

உள்ளே எத்தனை பேரை ஒரு அறையில் போடுவார்கள் என்று நான் கேட்டதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பார்வையாளர்கள் வந்தால் பார்க்க மறுக்கலாம் என்று சொன்னீர்கள். அதற்கு ஏதாவது படிவம் இருந்தால் இதோடு சேர்த்தே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

ஆமாம், வெளியே கேட்பது அவர் குரல்தான். வருவார் என்று தெரியும். வக்கீலைக் கூட்டி வந்திருப்பார். மாற்றுச் சட்டை ஒன்றும் எடுத்து வந்திருப்பார். 'துக்கத்துல உளர்றான் மேடம், இவன் ஒரு நட்டைக்கூட லூசா விடத் தெரியாதவன்' என்று சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள், மனிதர் உடைந்துபோயிருக்கிறார். ஆனால் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். இரண்டு குழாய், இரண்டு இணைப்பு. ஒன்று அவர் இருக்கைக்குக் கீழே. இன்னொன்று பக்கத்து இருக்கைக்குக் கீழே. அவர் பக்கத்து இணைப்பு கேஸ்கெட்டோடு, அளவு பிசகாமல் முறுக்கியிருக்கிறது. கசிந்தது பக்கத்து இருக்கையின் அடியில். அவரை நினைத்துச் செய்தவன் ஏன் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தான் என்கிறீர்கள்.

அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.